கொடுக்கும் கையும் ஏற்கும் ஆலயமும்

தேவாலயத்துக்குக் கொடுப்பதைப் பற்றி வேதாகமம் என்ன சொல்லுகிறது என்று நம் சபைகளில் எவரைக் கேட்டாலும், மல்கியா தீர்க்கதரிசி வற்புறுத்திய தசமபாகத்தையும், காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை போட்ட இரண்டு காசுகளையும், முகமலர்ச்சியோடு கொடுப்பவனைப் புகழ்ந்து அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்தியருக்கு எழுதியதையும் தயங்காமல் எடுத்துச் சொல்வார்கள். ஸ்தோத்திரப் பண்டிகை வரும்போதெல்லாம் இம்மூன்றையும் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவர்களே நாம். ஆயினும், இவற்றை அவை எழுந்த இடத்திலிருந்து பிரித்தெடுத்து, கொடுப்பவனை நோக்கி மட்டுமே திருப்பிவிட்டோம் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. யாத்திராகமம் தொடங்கி நிருபங்கள் வரையில் ஆலயக் கொடையைப் பற்றிய பகுதிகளைத் தொடர்ச்சியாகப் படித்து வருகிறவர்கள், எவ்வளவு வாங்கலாம், எப்பொழுது நிறுத்த வேண்டும், எதை வாங்கலாகாது, வாங்கியதற்கு யார் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்கிற இடத்துக்கு விதிக்கப்பட்ட பிரமாணங்கள், கொடுக்கிற கைக்கு விதிக்கப்பட்டவற்றிலும் கடுமையானவையாக இருப்பதைக் காண்பார்கள். கள்ளக்குறிச்சி வட்டாரத்துச் சபைகளில், அதிலும் சாராயம் பல உயிர்களைக் கொண்டுபோன கருணாபுரத்தின் துக்கத்தை அருகிலிருந்து கண்ட நம்மிடையே, இந்தப் பிரமாணங்களை நினைவுகூர்தல் இன்றியமையாதது என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதலாவதாக நிற்பது வனாந்தரத்து மரபு. எகிப்திலிருந்து புறப்பட்ட ஜனங்கள் ஆசரிப்புக் கூடாரத்துக்காகக் கொடுத்த பொருள்களின் பட்டியலைப் பார்த்தால், பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் மட்டுமல்லாமல், இளநீல நூல், இரத்தாம்பர நூல், வெள்ளாட்டு மயிர், ஆட்டுக்கடாத் தோல், சீத்திம் மரம், விளக்கெண்ணெய், சுகந்தவர்க்கம் என்று வீட்டிலும் கூடாரத்திலும் இருக்கக்கூடிய எல்லாமே அதில் இடம்பெற்றிருக்கின்றன. நூற்கத் தெரிந்த பெண்கள் தங்கள் கையால் நூற்றுக் கொண்டுவந்தார்கள். வாசலில் ஊழியம் செய்த பெண்கள் கொடுத்த வெண்கலத் தர்ப்பணங்களை உருக்கியே ஆசாரியர் கை கால் கழுவும் தொட்டியை வார்த்தார்கள். மனமுவந்தவன் எவனோ அவனிடமிருந்தே வாங்க வேண்டும் என்பது கட்டளை. இவ்வளவு சுதந்திரமான கொடைக்கு நடுவிலே, எண்ணப்பட்ட ஆண்மக்கள் ஒவ்வொருவரும் அரைச் சேக்கல் வெள்ளி செலுத்த வேண்டும், ஐசுவரியவான் அதற்கு அதிகமாகவும் தரித்திரன் அதற்குக் குறைவாகவும் கொடுக்கலாகாது என்ற மற்றொரு விதியும் இருந்தது. 6,03,550 பேரின் அரைச் சேக்கல்கள் சேர்ந்து 100 தாலந்தும் 1,775 சேக்கலும் ஆயின. அந்த 100 தாலந்து வெள்ளி எதற்காயிற்று என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. பரிசுத்த ஸ்தலத்தின் பலகைகளும் திரையின் தூண்களும் ஊன்றி நின்ற 100 பாதங்களும் அதிலேதான் வார்க்கப்பட்டன. மனமுவந்தவர்கள் கொடுத்த பொன் மேலே பளபளத்தது. எல்லாரும் சமமாகக் கொடுத்த வெள்ளி அடியில் நின்று அனைத்தையும் தாங்கியது.

ஆனால் இந்த மரபின் சிகரம் இதுவுமன்று. கைவேலைக்காரர்களான பெசலெயேலும் அகோலியாபும் மற்றவர்களும் தங்கள் வேலையை விட்டு மோசேயிடம் வந்து, வேலைக்கு வேண்டியதற்கு மேலாக ஜனங்கள் கொண்டுவந்து குவிக்கிறார்கள் என்று முறையிட்டார்கள். உடனே மோசே, இனி ஆணோ பெண்ணோ ஒருவரும் காணிக்கை கொண்டுவர வேண்டாம் என்று பாளயமெங்கும் அறிவிக்கச் செய்தார். கொடுக்க வந்த கையைத் திருப்பியனுப்பிய இந்த அறிவிப்பைப் போன்ற ஒன்றை அதற்குப் பிற்பட்ட ஆலய சரித்திரங்களில் நான் வேறெங்கும் கண்டதில்லை. வேலையின் அளவு தெரிந்தவர்களே முறையிட்டார்கள் என்பதும், அதிகாரத்திலிருந்தவர் அதைக் கேட்டார் என்பதும் சேர்ந்தே கவனிக்கத் தக்கவை. இதற்குச் சில அதிகாரங்களுக்கு முன்னேதான் இதே ஜனங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துப் பொன் கன்றுக்குட்டியை வார்ப்பித்துக்கொண்டார்கள். அந்தக் கொடையிலும் தாராளத்துக்குக் குறைவில்லை. தாராளம் மட்டுமே கொடையைப் பரிசுத்தமாக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. கூடாரம் முடிந்தபின், வந்த பொன் 29 தாலந்து 730 சேக்கல் என்றும், வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல் என்றும், அவை இன்னின்னவற்றுக்குச் செலவாயின என்றும் பகிரங்கமாகக் கணக்கெழுதப்பட்டது. மோசேயைப் போன்ற ஒருவரே கணக்கு வைத்தார் என்றால், அதற்குக் கீழ்ப்பட்ட எவருக்கும் விலக்கு இல்லை.

எண்ணாகமத்தின் ஏழாம் அதிகாரத்தையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் விடலாகாது. பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்களும் நாளுக்கு ஒருவராக வந்து, 130 சேக்கல் நிறையுள்ள வெள்ளித் தாலம், 70 சேக்கல் வெள்ளிக் கலம், 10 சேக்கல் பொன் தூபகரண்டி என்று ஒரே அளவாகக் கொடுத்தார்கள். வேதமும் சலியாமல் அந்தப் பட்டியலைப் பன்னிரண்டு தரம் திரும்ப எழுதியிருக்கிறது. பெரிய கோத்திரம், சிறிய கோத்திரம் என்ற போட்டிக்கு அங்கே இடமே வைக்கப்படவில்லை.

அரசர் காலத்து மரபு இதற்கு மாறானது. அதன் மகிமையும் பெரிது, அதன் ஆபத்தும் பெரிது. அதைத் தொடங்கி வைத்தவர் தாவீது. ஆலயம் எழவிருந்த நிலம் எபூசியனாகிய அர்வனாவின் களம். களத்தையும் மாடுகளையும் உழவு கருவிகளின் விறகையும் இனாமாகக் கொடுக்க அவன் முன்வந்தபோது, தனக்குச் செலவில்லாத ஒன்றைத் தேவனுக்குப் பலியிடச் சம்மதியாமல், அரசர் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்கினார். ஒரு புறத்தானுடைய நிலத்தை அரசன் விலை கொடுத்து வாங்கினான் என்பதே ஆலய வரலாற்றின் முதல் வரியாக அமைந்தது. பின்பு தன் சொந்தப் பொக்கிஷத்திலிருந்து 3,000 தாலந்து ஓப்பீரின் பொன்னையும் 7,000 தாலந்து வெள்ளியையும் கொடுத்துவிட்டு அவர் செய்த ஜெபத்தில், நான் கொடுத்தேன் என்ற பெருமையின் சாயல்கூட இல்லை. உம்முடைய கையிலிருந்து வாங்கியே உமக்குக் கொடுத்தோம் என்ற கருத்தே அதில் நிறைந்திருக்கிறது.

சாலொமோனிடம் வரும்போது சித்திரம் மாறிவிடுகிறது. லீபனோனுக்கு முறைவைத்து அனுப்பப்பட்ட 30,000 பேரும், சுமை சுமந்த 70,000 பேரும், மலையில் கல் வெட்டிய 80,000 பேரும் மனமுவந்து கொடுத்தவர்கள் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ஆலயம் கட்ட ஏழாண்டும், அரசனுடைய அரண்மனை கட்டப் பதின்மூன்றாண்டும் ஆயின என்பதை ராஜாக்களின் ஆகமம் விமரிசனமின்றி அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறது. கேதுரு மரமும் தேவதாரு மரமும் பொன்னும் தந்த தீருவின் அரசனுக்குக் கலிலேயாவில் 20 பட்டணங்களைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவனும் அவற்றைப் பார்த்துத் திருப்தியடையவில்லை. சாலொமோன் இறந்ததும் ஜனங்கள் ரெகொபெயாமிடம் சென்று கேட்ட ஒரே காரியம் நுகத்தின் பாரத்தை இலகுவாக்க வேண்டும் என்பது. அவன் மறுத்தான், வேலைவாங்கும் அதிகாரியைக் கல்லெறிந்து கொன்றார்கள், ராஜ்யம் இரண்டாகப் பிளந்தது. உலகம் வியந்த ஒரு ஆலயத்தின் அஸ்திவாரத்தில், கட்டாயத்தின் பேரில் வாங்கிய உழைப்பு கிடந்ததால், கட்டியவனின் மகன் காலத்திலேயே தேசம் தாங்காமல் போயிற்று என்று இதை வாசிப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிரியமானது மூன்றாவதான மரபு. இதைப் பழுதுபார்க்கும் மரபு என்று சொல்லலாம். யோவாஸ் அரசன் ஆலயத்தின் பழுதுகளைச் சரிசெய்யும்படி ஆசாரியர்களிடமே பணத்தை ஒப்புவித்திருந்தான். அவனுடைய ஆட்சியின் 23-ஆம் ஆண்டு வந்தும் ஒரு விரிசலும் அடைபடவில்லை. அப்போது ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தின் வலப்புறத்தில் வைத்தான். பெட்டி நிறைந்தபோது அரசனுடைய கணக்கனும் பிரதான ஆசாரியனும் இருவருமாக வந்து எண்ணி, பையில் கட்டி, வேலையை நடத்துகிறவர்கள் கையில் கொடுத்தார்கள். அவர்கள் தச்சர், கொத்தர், கல்தச்சர் ஆகியோருக்குக் கூலியாகவும் மரத்துக்கும் கல்லுக்கும் விலையாகவும் அதைச் செலவிட்டார்கள். வேலை நடக்கும்வரை வெள்ளிக் கிண்ணமோ எக்காளமோ செய்ய அந்தப் பணம் எடுக்கப்படவில்லை. இன்று நம் ஆலயங்களில் ஆராதனை முடிந்ததும் இருவர் மூவராக உட்கார்ந்து காணிக்கையை எண்ணிக் கையொப்பமிடுவதற்கு மூலபுருஷன் இந்த யோய்தாவே. கூரை ஒழுகும்போது ஒலிபெருக்கி வாங்குவதா, முகப்புக்கு வர்ணம் பூசுவதா என்று விவாதிக்கிற சபைக் கமிட்டிகள் அந்த அதிகாரத்தை ஒருமுறை முழுவதும் வாசித்துவிட்டுக் கூட்டத்தைத் தொடங்குவது நலம்.

நம் நாட்டுச் சைவ வைணவ ஆலயங்களிலும் இந்தச் சிரத்தை வேறொரு வடிவில் இருந்ததை நாம் அறிவோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் என்று பல இடங்களில் கணக்கு வரும். அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று சொல்லி, மந்தை குறையாமல் காத்து நாள்தோறும் உழக்கு நெய் அளக்கும் பொறுப்பை இடையர் ஏற்றுக்கொண்டதையும் எழுதி வைத்தார்கள். கொடுத்தவன் மறைந்த பின்னும் கொடை உயிரோடு இருக்க வேண்டும், அதற்கு ஒருவர் பொறுப்பாளியாக வேண்டும் என்ற ஏற்பாடு எருசலேமிலும் சோழநாட்டிலும் ஒன்றாக இருந்தது.

தீர்க்கதரிசிகளின் மரபில் இருவேறு குரல்கள் கேட்கின்றன. பாபிலோனிலிருந்து திரும்பிய ஏழை ஜனங்கள் தங்கள் வீடுகளுக்கு மச்சுப் போட்டுக்கொண்டு ஆலயத்தைப் பாழாகக் கிடக்க விட்டதை ஆகாய் கண்டித்தார். குருடும் நொண்டியுமான மிருகத்தைப் பலிக்குக் கொண்டுவருகிறவனை நோக்கி, இதை உன் அதிபதியிடம் கொண்டுபோய்ப் பார் என்ற கருத்தில் மல்கியா கேட்டார். இவர்களுக்கு முன்பே ஆமோஸும் ஏசாயாவும், நியாயம் இல்லாத ஊரின் காணிக்கையைத் தேவன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று கூறியிருந்தார்கள். மல்கியாவின் தசமபாகத்தை மட்டும் உரக்கச் சொல்கிறவர்கள், அதே அதிகாரத்தில் சில வசனங்களுக்கு முன்னே கூலிக்காரன் கூலியைப் பிடித்துக்கொள்கிறவனும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவனும் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டிருப்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடனில்லாமல் கூலி கொடுத்த பின்னரே தசமபாகம் தசமபாகமாகும்.

எதை வாங்கலாகாது என்பதற்கும் வேதத்தில் தெளிவான பிரமாணம் உண்டு. விபசாரத்தின் கூலியை எந்தப் பொருத்தனைக்காகவும் தேவனுடைய ஆலயத்துக்குள் கொண்டுவரக்கூடாது என்று உபாகமம் தடுத்திருக்கிறது. யூதாஸ் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசை, அவனுக்கு அதைக் கொடுத்த பிரதான ஆசாரியர்களே, இரத்தக் கிரயம் என்று காணிக்கைப் பெட்டியில் சேர்க்க மறுத்து, அந்நியரை அடக்கம் செய்யக் குயவனுடைய நிலத்தை வாங்கினார்கள். அவர்கள் செய்த அநீதி உலகறிந்தது. ஆயினும் எந்தப் பணம் பெட்டிக்குள் விழலாகாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஏழைக்கு எட்டாததை வாங்கக்கூடாது என்பது மற்றொரு பிரமாணம்: ஆட்டுக்குட்டிக்கு வகையில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களைக் கொண்டுவரலாம், அதற்கும் வகையில்லாதவன் ஒரு படி மாவைக் கொண்டுவரலாம் என்று லேவியராகமம் இறங்கிக்கொண்டே வருகிறது. குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்த மரியாள் பறவைகளையே பலியாகக் கொடுத்தாள் என்று லூக்கா எழுதுகிறார். ஆட்டுக்குட்டி வாங்க அந்தக் குடும்பத்துக்கு வகையில்லை. கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைவித்துக் கடுக்காயும் புளியும் பொறுக்கி வாழ்கிற குடும்பம் கொண்டுவரும் ஒரு படி தானியத்தை, வெள்ளித் தாலத்தில் வரும் நோட்டுக்கட்டுக்கு எதிரே எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைக் கொண்டே நம் சபைகள் அளக்கப்படும்.

சுவிசேஷத்துக்கு வருவோம். விதவையின் இரண்டு காசுகளைப் பற்றிப் பேசாத ஸ்தோத்திரப் பண்டிகை இல்லை. ஆனால் மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் அந்தச் சம்பவத்துக்கு முந்திய பகுதியில், நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகர்களை இயேசு கண்டிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில், அந்த ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடி இடிக்கப்படும் என்கிறார். நடுவிலே அந்தப் பெண் தன் ஜீவனத்துக்கு உண்டான எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகிறாள். அவளுடைய கொடையை இயேசு உயர்த்திப் பேசினார் என்பதில் சந்தேகமில்லை. எனினும் மூன்றையும் ஒன்றாகப் படிக்கும்போது, அவளிடமிருந்து அந்தக் கடைசிக் காசையும் வாங்கிக்கொண்டு அவளை வெறுங்கையாய் வீட்டுக்கு அனுப்பிய ஆலயத்தைப் பற்றி அவருடைய உள்ளம் என்ன நினைத்திருக்கும் என்று சிந்தியாமல் இருக்க முடியவில்லை. அவளைப் புகழ்ந்த பிரசங்கம் அவளுடைய இரவு உணவைக் கேட்கும் பிரசங்கமாகிவிடக் கூடாது. தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லி ஆலயத்துக்கு நேர்ந்துவிடுகிறவனை அவர் கண்டித்த இடமும் இதே கருத்துக்குத் துணை நிற்கிறது. வாராவாரம் திருப்பிக் கட்ட வேண்டிய குழுக் கடனை வாங்கி ஒரு தாய் பொருத்தனை செலுத்த வந்தால், அதை ஏற்கிற கை இந்த வசனத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெத்தானியா மரியாள் உடைத்த நளதத் தைலத்தின் கதை இதற்கு எதிர்ப்புறம் இழுப்பதுபோலத் தோன்றும். முந்நூறு பணம் பெறுமான அந்தத் தைலத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ். அவன் பணப்பையை வைத்திருந்தவன், அதிலிருந்து எடுத்துக்கொள்கிறவன் என்று யோவான் சேர்த்து எழுதுகிறார். ஏழைகளின் பெயரைச் சொல்லிக் கொடையைத் தடுக்கிறவனுடைய கணக்கையும் பார்க்க வேண்டும் என்பதே அந்தக் கதையின் உட்பொருள். ஆகவே இந்த மரபில் அழகுக்கும் இடமுண்டு, அன்பின் மிகுதிக்கும் இடமுண்டு. கணக்கில்லாத கைக்கு மட்டும் இடமில்லை.

பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய தர்மப்பணம் கட்டடத்துக்கானதன்று. எனினும் சபைக் கொடையைப் பற்றிய ஆராய்ச்சி அதைத் தவிர்க்க முடியாது. வாரத்தின் முதல்நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்க வேண்டும், மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படியல்ல, சமநிலை உண்டாகும்படியே என்று அவர் விளக்கினார். பணத்தைக் கொண்டுபோகத் தீத்துவோடு சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட ஒரு சகோதரரையும் கூட அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அப்போஸ்தலன் தன் பேரில் சந்தேகம் வர இடங்கொடாமல் நடந்துகொண்ட இந்த நுணுக்கம், முகமலர்ச்சியைப் பற்றிய அவருடைய வசனத்தைப்போல் பிரபலமாகாமல் போனது நம் குறை.

இம்மரபுகள் தமிழ்நாட்டுக்கு வந்து வேரூன்றிய விதம் தனியொரு சரித்திரம். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் அடுத்த ஆண்டிலேயே ஓர் ஆலயத்தைக் கட்டினார். 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கிறது. அந்த ஆரம்ப காலத்துக் கட்டடங்களுக்கு அந்நிய நாட்டுப் பணமே பெரும்பாலும் ஆதாரமாயிருந்தது. தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரின் மேல் கொண்ட பக்தியால் சரபோஜி மன்னர், சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பத்தை இங்கிலாந்திலிருந்து வருவித்து அங்குள்ள ஆலயத்தில் நிறுவினார்; கப்பர்நகூமில் யூதருக்கு ஜெபாலயம் கட்டிக் கொடுத்த நூற்றுக்கு அதிபதியின் வரிசையில் அந்த இந்து மன்னரையும் நிறுத்தலாம்.

தமிழ்க் கிறிஸ்தவர் தாமே கொடுத்த கொடையின் வரலாற்றில் முதல் பெயராக நான் கருதுவது பாளையங்கோட்டைக் கிளாரிந்தா அம்மையாருடையது. தஞ்சை மராட்டிய பிராமணக் குலத்தில் பிறந்து இளமையிலேயே விதவையான அவர் 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780-இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேரே இருந்தார்கள். அந்தச் சிறு கூட்டத்துக்காகத் தம் பொருளையும் பிறரிடம் பெற்றதையும் சேர்த்து அவர் எழுப்பிய ஆலயம் 1785-இல் சுவார்ட்ஸ் ஐயரால் பிரதிஷ்டை செய்யப்பட்டது; ஊரார் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே அழைத்தார்கள். அவர் பெயரால் ஒரு கிணறும் வழங்கிவருகிறது. எருசலேமின் விதவை காசு போட்ட ஆலயம் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. இங்கே ஒரு விதவையே ஆலயமும் கட்டித் தண்ணீரும் கொடுத்தார்.

திருநெல்வேலியில் ரேனியஸ் ஐயர் காலத்தில் கொடை மற்றொரு திசையில் திரும்பியது. விசுவாசத்தை முன்னிட்டு ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830-இல் அவர் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847-இல் அடிக்கல் நாட்டிய ஆலயம் 1880-இல்தான் பிரதிஷ்டையாயிற்று. பஞ்சமும் நோயும் கண்ட அந்தச் செம்மணல் தேரியில் ஒரு ஆலயத்துக்கு 33 ஆண்டுகள் பிடித்ததை நான் தாமதமாகக் கருதவில்லை. பனையேறிகளின் வருமானம் எந்த வேகத்தில் வந்ததோ அந்த வேகத்தில் சுவர் ஏறிற்று.

இந்த மண்ணின் கொடை முறைகளில் மிக உயர்ந்ததாக நான் மதிப்பது கைப்பிடி அரிசி. உலையில் போட அரிசியை அளக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடுவாள். வாரக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், திருநெல்வேலிச் சபையாரின் இப்படிப்பட்ட சிறு காணிக்கைகளை நம்பியே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற அசரியா, கிறிஸ்தவ ஈகையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அங்கே இந்தியக் கட்டட மரபில் அவர் எழுப்பிய பேராலயம் 1939-இல் பிரதிஷ்டையாயிற்று. மிசோ மலைகளிலும் 1910 முதல் இதே பிடியரிசி வழக்கம் பெண்களால் தொடங்கப்பட்டு, அந்தச் சபையின் பெரிய வருமானங்களில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. இதன் மேன்மை யாது? உண்ணுகிற வீட்டில் மட்டுமே இந்தப் பிடி எடுக்கப்படும். உலை வைக்காத வீட்டிடம் அது கேட்பதில்லை. கொடுப்பவளின் பெயரும் எந்தக் கல்லிலும் ஏறுவதில்லை.

ஸ்தோத்திரப் பண்டிகையின் ஏலம் இதற்கு எதிர்முனை. பூசணிக்காயும் வாழைத்தாரும் கோழி முட்டையும் எலுமிச்சம்பழமும் சந்தை விலைக்குப் பல மடங்கு ஏலம் போவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை; சிறுபிள்ளை கொண்டுவந்த முட்டை பெரிய தொகைக்குப் போகும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் ஏலத்தில் குரல் உயர்த்துகிறவர்களுக்குள்ளே போட்டி மூளும்போது எண்ணாகமத்துப் பன்னிரண்டு பிரபுக்களை யாரும் நினைப்பதில்லை. கத்தோலிக்கப் பங்குகளின் கொடியேற்றம், தேர்பவனி, உபயம் ஆகியவற்றில் அழகும் ஊர் முழுவதையும் இழுக்கும் ஆற்றலும் மிகுந்திருக்கின்றன. பெத்தானியா மரியாளின் வழி அது. எனினும் உபயத்தின் உரிமையும் தேர் செல்லும் தெருவும் சாதியின் உரிமையாகச் சில இடங்களில் மாறியதையும், கல்லறைக்குள்ளேயே பிரிவினைச் சுவர் எழுந்ததையும் தமிழகம் கண்டிருக்கிறது. லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்ற மலைப்பிரசங்கத்துக் கட்டளை இங்கே நேராகப் பொருந்துகிறது. பெந்தெகொஸ்தே சபைகள் தசமபாகத்தைக் கண்டிப்பாகக் கற்பிக்கின்றன. கூலிவேலை செய்கிறவர்கள்கூட ஒழுங்காகக் கொடுக்கப் பழகியது அந்தச் சபைகளின் பலம். அந்தத் தசமபாகத்தின் கணக்கு விசுவாசிகளுக்கு வாசிக்கப்படுமானால் அந்தப் பலம் இரட்டிப்பாகும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தென்னாற்காட்டின் இந்தப் பகுதியில் டேனிஷ் மிஷனின் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையும், புதுவை கடலூர் உயர்மறைமாவட்டத்துக் கத்தோலிக்கப் பங்குகளும், பெந்தெகொஸ்தே சபைகளும் அருகருகே ஊழியம் செய்து வருகின்றன. கரும்பும் மரவள்ளியும் நெல்லும் விளைகிற இக்களத்தில், 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் கருணாபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து வாழ்ந்தவர்கள். எத்தனையோ வீடுகளில் ஒரே இரவில் பெண்கள் விதவைகளானார்கள். சில வீடுகளில் தாயும் தகப்பனும் இருவரும் போய்ப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களில் நம் சபையார் யார், பிற மதத்தார் யார் என்று பிரித்துப் பார்க்க உபாகமம் நமக்கு இடம் கொடுக்கவில்லை. அங்கே லேவியனோடும் விதவையோடும் திக்கற்ற பிள்ளையோடும் அந்நியனும் ஒரே வரிசையில் எண்ணப்படுகிறான்.

அந்த வரிசை வருகிற இடம் மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தைப் பற்றிய கட்டளை. மற்ற ஆண்டுகளின் தசமபாகம் ஆண்டவர் தெரிந்துகொண்ட ஸ்தலத்துக்குப் போகும். மூன்றாம் வருஷத்துப் பலனோ ஆலயத்துக்குப் போகாமல் அவரவர் ஊர்வாசலிலேயே வைக்கப்பட்டு, மேற்சொன்னவர்கள் வந்து புசித்துத் திருப்தியாக வேண்டும். அதைக் கொடுத்து முடித்தபின், என் வீட்டிலிருந்து பரிசுத்தமானதை எடுத்துவிட்டேன் என்று தேவனுக்கு முன்பாக அறிக்கையிடவும் வேண்டும். ஊர்வாசலில் கொடுத்ததும் பீடத்தில் வைத்ததும் வேதத்தின் கணக்கில் ஒரே பரிசுத்தமுடையவை.

இந்தக் கட்டளையை நம் சபைகள் எழுத்துப்படியே கைக்கொள்ளலாம் என்பது என் விண்ணப்பம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அந்த ஆண்டின் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தொகை முழுவதையும், கைப்பிடி அரிசி முழுவதையும், ஆலயக் கட்டட நிதிக்கோ முகப்பு வேலைக்கோ சேர்க்காமல், கள்ளக்குறிச்சி நகரிலும் மலையடிவாரத்திலும் உள்ள விதவைகளின் வீடுகளுக்கும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் படிப்புக்கும் ஒதுக்க வேண்டும். தொகையை எண்ணச் சபையார் இருவரும் சபைக்கு வெளியே ஊரார் நம்பும் ஒருவரும் உட்கார வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று பெயர் சொல்லாமல், மொத்தக் கணக்கை மட்டும் அடுத்த ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டும். சாராயத்தால் வந்த பணம் என்று தெரிந்தால், அது எவ்வளவு பெரிய தொகையானாலும் பெட்டியில் சேர்க்கலாகாது. வேண்டிய அளவு சேர்ந்துவிட்டதானால், இந்த ஆண்டுக்கு இவ்வளவு போதும் என்று பண்டிகையின் நடுவிலேயே ஆயர் எழுந்து அறிவிக்க வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் வேண்டியதை மற்ற இரண்டு ஆண்டுகளின் காணிக்கை பார்த்துக்கொள்ளும். இடையன்குடிச் சுவர் 33 ஆண்டு காத்திருந்ததுபோல நம் சுவரும் காத்திருக்கலாம்.